ரோஸ்டர் அன்ரியின் கொம்பனி

மெல்பேர்ண் நகரத்துக்குள் காரில் போனால் ஒரு சந்தியில் அன்ரி கட்டாயம் கையை நீட்டுவார்.

"பிள்ளை, அங்கை பார். எங்கட கட்டடம்."

கல்லும் கண்ணாடியுமாக உயர்ந்து நிற்கிற ஒரு இன்சூரன்ஸ் கொம்பனியின் தலைமை அலுவலகம் அது. அவருக்கு அங்கே வேலையும் இல்லை, தெரிந்தவர்களும் இல்லை. காலை ஆறு மணிக்கு ஒரு முதியோர் இல்லத்தின் குசினிக்குப் போய்க் கரட் வெட்டுகிறவர் அவர். அந்தக் கொம்பனியில் ஒரு ஆயுள் காப்புறுதி வைத்திருந்தார், அவ்வளவுதான். ஆனால் வாயைத் திறந்தால் "எங்கட"தான். எங்கட கட்டடம், எங்கட சேர்மன், எங்கட மீற்றிங்.

முதல் தரம் கேட்டபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அப்ப மேலை போய் ஒரு அறை கேளுங்கோவன் அன்ரி. வாடகை மிச்சம்."

"சிரி, சிரி. அது பங்கு வாங்கின பணக்காரற்றை கொம்பனி இல்லை. பொலிசி எடுத்த ஆக்கள்தான் அதுக்குச் சொந்தக்காரர். மியூச்சுவல் எண்டால் அதுதான். உன்னட்டைப் பொலிசி இருக்கோ?"

"ஓம், இருக்கு."

"அப்ப உன்ர கட்டடத்தைப் பார்த்துத்தான் நீ பல்லைக் காட்டுறாய்."

அவருடைய பெயரை எழுதமாட்டேன். கல்யாண வீட்டில் வீடியோக்காரன் பக்கத்தில் வந்தாலே சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொள்கிற மனுசி. மெல்பேர்ணின் புறநகரான ரோவிலில் எங்களுக்குப் பின்தெருவில் மூலை வீடு. பிள்ளை குட்டி இல்லை, தனி ஆள். பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் அவர் ரோஸ்டர் அன்ரி.

அந்தப் பட்டப்பெயருக்குக் காரணம் அவர் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த ஒரு கொப்பித் தாள். அதில் எங்கள் பகுதித் தமிழ்க் குடும்பங்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அங்கே அடுப்பு மூட்டக் கூடாது, அயலவர்தான் சமைத்துக் கொண்டுபோக வேண்டும் என்பது எங்கள் வழக்கம். இங்கே எல்லாருக்கும் ஷிஃப்ட் வேலை. ஒருவர் வீட்டுக்கு வரும் நேரத்தில் மற்றவர் வேலைக்குப் புறப்படுவார். அதனால் அன்ரி, முதியோர் இல்லத்தில் வேலையாட்களுக்கு ரோஸ்டர் போடுகிற மாதிரியே செத்தவீட்டுச் சாப்பாட்டுக்கும் ரோஸ்டர் போட்டார். சமைத்த வீட்டின் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சரி அடையாளம். அடுத்த சாவுக்கு, கடைசிச் சரிக்குக் கீழே இருக்கிற பெயரிலிருந்து தொடங்கும். சுழன்று சுழன்று வரும்.

ஒரு தரம் எங்கள் தெருக்காரர் ஒருவர், நல்ல உத்தியோகத்தில் இருந்தவர், கணக்குக் கேட்டார். "அன்ரி, நான் நாலு தரம் சமைச்சுக் குடுத்திட்டன். எங்கட வீட்டிலை இன்னும் ஒரு சாவும் நடக்கேல்லை."

அன்ரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். "அதைக் குறையெண்டு சொல்லுறியளோ தம்பி?"

ஐந்தாம் தரம் கத்தரிக்காய்க் குழம்பு அந்த மனுசன் வீட்டிலிருந்துதான் வந்தது. நல்லாயும் இருந்தது.

யாழ்ப்பாணத்தில் என் அப்பா செத்துப்போன செய்தி வந்தபோது சண்டைக் காலம், என்னால் போக முடியவில்லை. தொலைபேசியை வைத்து ஒரு மணித்தியாலம் ஆகியிருக்காது, வாசலில் அன்ரி நிற்கிறார். துவாயால் சுற்றின சட்டி ஒன்றை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருக்கிறார். ரோஸ்டரின்படி அன்று அவருடைய முறைகூட இல்லை. "முறைக்காரி வேலையாலை வர ஆறு மணியாகும். அதுவரைக்கும் பிள்ளையள் பசி கிடக்கிறதே?" என்று சொல்லிக்கொண்டு நேரே குசினிக்குள் போய்விட்டார். நான் சுவரில் சாய்ந்து நின்று விம்மி விம்மி அழுதேன். அவர் திரும்பி வந்து என் முதுகைத் தடவினார். "அழு, அழு. அப்பாவெல்லோ" என்றார்.

பாதி அழுகைதான் அப்பாவுக்கு. மற்றப் பாதி எதற்கென்று அன்ரிக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அதற்கு ஆறு மாதத்துக்கு முதல் நான் அன்ரிக்கு ஒரு வேலை செய்திருந்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதத் தொடங்கினேன். ஆனால் குழாய்க் கதையைச் சொல்லாமல் அதைச் சொன்னால் விளங்காது.

அந்தக் கொம்பனியின் வருடாந்தக் கூட்டத்துக்கு அன்ரி ஒரு வருடமும் தவறாமல் போவார். பொலிசி வைத்திருக்கும் எவரும் போகலாம், வாக்களிக்கலாம். எங்கள் ஆட்களில் ஒருவரும் போனதில்லை. அன்ரிக்குக் கார் ஓடத் தெரியாது, எனக்கோ பின்னேர ஷிஃப்ட். டயர் கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தேன். அதனால் சாரதி உத்தியோகம் என் தலையில் விழுந்தது. கத்தரிப்பூ நிறப் பட்டுச்சேலை, காலில் வெள்ளை ஓட்டச் சப்பாத்து, கைப்பைக்குள் சாப்பிடப் பாணும் சீனிச்சம்பலும். முன்வரிசைக் கதிரையில்தான் போய் இருப்பார். கறுப்புக் கோட்டுப் போட்ட வெள்ளைக்காரக் கிழவர்களுக்கு நடுவில் அந்தச் சேலை பளிச்சென்று தெரியும்.

ஒரு வருடம் கேள்வி நேரத்தில் எழும்பினார். "மிஸ்டர் சேர்மன்," என்று தன் ஆங்கிலத்தில் தொடங்கினார். மூன்றாம் மாடிப் பெண்கள் கழிப்பறையில் குழாய் ஒழுகுகிறது, தண்ணீரும் எங்களுடையது, பில்லும் எங்களுடையது, தயவுசெய்து திருத்தவும். அவ்வளவுதான் கேள்வி. சபை சிரித்தது. நான் கதிரைக்குள் புதைந்துபோனேன். சேர்மன் மட்டும் நன்றி சொல்லி, பக்கத்தில் இருந்தவரிடம் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

அடுத்த வருடம் அந்தக் கட்டடத்துக்குள் கால் வைத்ததும் மீற்றிங்குக்குப் போகாமல் நேரே மூன்றாம் மாடிக்குப் போனார். திரும்பி வந்தபோது முகம் பூரித்திருந்தது.

"திருத்திப் போட்டினம் பிள்ளை! பார்த்தியே, சொன்னால் கேக்கினம்."

எனக்கு அப்போது அது பகிடியாக இருந்தது. அவருடைய வேலைத்தளத்தில் அவர் சொல்லி ஒரு கத்தியைக்கூட மாற்றமாட்டார்கள். ஊரிலே ஒரு அரசாங்கமும் எங்களைக் கேட்டு ஒன்றும் செய்ததில்லை. இங்கே வந்தும் குடியுரிமை கிடைக்க முதல் பல வருடம் வெறும் ஆளாக இருந்தவர். "நான் இந்த நாட்டிலை முதல் முதல் கை உயர்த்தி வோட்டுப் போட்டது அந்த மீற்றிங்கிலைதான்" என்று பெருமையாகச் சொல்லுவார்.

அந்தப் பெருமைக்கு அடியில் வேறொன்று இருந்தது. அதை ஒரே ஒரு தரம்தான் சொன்னார், என் மனைவி சுமதியோடு எங்கள் குசினியில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது.

வந்த இரண்டாம் வருடமே அவருடைய கணவர் தொழிற்சாலையில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர், எழும்பவில்லை. "அப்ப இஞ்சை தமிழாக்கள் நாலைஞ்சு குடும்பம்தான். ஒருத்தருக்கு ஒருத்தரைத் தெரியாது. எரிச்சுப்போட்டு வீட்டை வந்தால், வந்த ஆறு பேருக்கும் சாப்பாடு இல்லை. தூரத்திலையிருந்து வந்தவை, வெறும் வயித்தோடை எப்பிடி அனுப்புறது? நானே அடுப்பை மூட்டினன் பிள்ளை. தாலி கழட்டின கையாலை சோறு வடிச்சனான்."

சுமதி உரிப்பதை நிறுத்திவிட்டாள். அன்ரி நிறுத்தவில்லை.

அதற்கடுத்த மாதம் கொம்பனியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. வீட்டுக்கு வந்த ஏஜன்டின் முகத்தை முறிக்க முடியாமல் கணவர் எப்போதோ எடுத்த பொலிசி. காசு வந்தது, கடனெல்லாம் அடைந்தது. ஆனால் அவர் கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தது அந்தக் கடிதத்தைத்தான். 'அன்புள்ள உறுப்பினருக்கு' என்று தொடங்கும் கடிதம். கணவருடைய பொலிசி முடிந்ததும் தன் பெயரில் ஒன்று எடுத்தார்.

"என்னைக் கண்ணாலை காணாத ஆக்கள், ஆளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாய்ப் போட்டு வைச்ச காசு அது. அண்டைக்கு எனக்குச் சோறு கொண்டு வந்தது அவையள்தான்" என்றார்.

ரோஸ்டர் வந்தது அதற்குப் பிறகுதான். இன்னொரு வீட்டில் அப்படி நடக்கக் கூடாது என்று.

தொண்ணூறுகளின் பின்பாதியில் ஒரு நாள் எல்லார் வீட்டுக்கும் ஒரு தடித்த உறை வந்தது. கொம்பனியைப் பங்குக் கொம்பனியாக மாற்றப் போகிறார்கள். பொலிசி வைத்திருப்பவர்கள் உரிமையை விட்டுக்கொடுத்தால் ஆளுக்கு இவ்வளவு பங்கு கிடைக்கும். அதை வைத்திருக்கலாம், சந்தையில் விற்கலாம், விரும்பிய எவரும் வாங்கலாம். இதற்கு உறுப்பினர்கள் வாக்களித்துச் சம்மதிக்க வேண்டும். எங்கள் கிடங்குச் சாப்பாட்டறையில் ஒரே குதூகலம். சும்மா வாற காசு என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அன்ரி என் வீட்டுக் குசினியில் நின்று கொதித்தார். "சும்மா வாறதோ? எங்களுக்கு முதல் செத்த ஆக்கள் போட்டு வைச்சது. இனி வாற ஆக்களுக்கு விட்டிட்டுப் போகவேண்டியது. நடுவிலை நிக்கிற நாங்கள் பிரிச்சு எடுக்கிறதோ? பொதுச் சட்டியை வித்துப் பங்கு போடுறதுக்கு எங்களுக்கு ஆர் உரிமை தந்தது?"

"எல்லாரும் ஓம் எண்டுதான் போடுவினம் அன்ரி. வெள்ளைக்காரர் லட்சக்கணக்கிலை இருக்கினம்."

"அவை போடட்டும். எங்கட ஆக்கள் நாப்பது வீடாவது இல்லையெண்டு போட்டதெண்டு இருக்கட்டும். நான் எழும்பிச் சொல்லுவன்."

கூட்டத்துக்கு வர முடியாதவர்கள், தங்களுக்குப் பதிலாக இன்னொருவர் வாக்களிக்கலாம் என்று கையெழுத்து வைத்துக் கொடுக்கிற படிவம் ஒன்று அந்த உறைக்குள் இருந்தது. அன்ரி அந்தப் படிவங்களைச் சேர்க்கத் தொடங்கினார். ரோஸ்டர் தாளைப் பார்த்து ஒவ்வொரு வீடாகப் போனார். வீட்டில் பிடிக்க முடியாதவர்களை வெள்ளிக்கிழமைகளில் த பேசின் என்ற இடத்துப் பிள்ளையார் கோயில் கார் தரிப்பிடத்தில் வைத்துப் பிடித்தார். கும்பிட்டுவிட்டு வெளியே வருகிறவர்கள் விபூதி காயாத நெற்றியோடு கார் பொனற்றில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்கள். மூன்று கிழமையில் முப்பத்தொன்பது படிவங்கள். கொம்பனிக்குக் கொண்டுபோய்த் தன் கையால் கொடுத்தார். ஒருவர்கூட மறுக்கவில்லை.

எப்படி மறுப்பது? ஒவ்வொருவர் வீட்டுச் சாவுக்கும் முதல் ஆளாக வந்து நின்றவர். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல எங்களுக்கு வராது. தேத்தண்ணி கொடுத்து, "அதுக்கென்ன அன்ரி" என்று கையெழுத்துப் போட்டு அனுப்பி வைத்துவிடுவோம். பிறகு நாங்கள் நினைத்ததைச் செய்வோம்.

படிவம் கொடுத்த பத்தாம் நாள் கொம்பனியிலிருந்து நினைவூட்டல் வந்தது. அதற்குள் இன்னொரு புதுப் படிவம், முத்திரை ஒட்டத் தேவையில்லாத உறை, எனக்குக் கிடைக்கப்போகிற பங்குகளின் தொகை. மனம் மாறினவர்கள் மறுபடி வாக்களிக்கலாம், பிந்திப் போட்டதுதான் செல்லும் என்று எழுதியிருந்தது. நான் அந்தத் தொகையைக் கனநேரம் பார்த்தேன். அந்த நாளில் சோபா இல்லாமல் கோயில் மாதிரி நிலத்தில் பாய் விரித்திருந்த வீடு எங்களுடையது. 'ஓம்' என்ற பெட்டியில் புள்ளடி போட்டேன்.

சுமதி பார்த்துக்கொண்டு நின்றாள். "அன்ரிக்கு என்ன சொல்லப் போறியள்?"

"அவவுக்கு எங்கை தெரியப்போகுது? என்ர ஒரு வோட்டாலை என்ன குறைஞ்சு போகப்போகுது?"

அது மெய்தான். என் ஒரு வாக்கால் ஒன்றும் ஆகியிருக்காது. 'இல்லை' என்று விட்டிருந்தாலும் மாற்றம் நிறைவேறித்தான் இருக்கும், பங்கும் என் கைக்கு வந்துதான் இருக்கும். அன்ரிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற எனக்கு ஒரு சதமும் செலவாகியிருக்காது. இதைப் பிறகுதான் யோசித்தேன். யோசித்து என்ன, அடுத்த நாள் வேலைக்குப் போகிற வழியில் தபால்பெட்டிக்குள் போட்டாயிற்று.

கூட்டத்துக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். மாட்டேன் என்றால் சந்தேகம் வருமே. அதே கத்தரிப்பூச் சேலை, அதே சப்பாத்து. கார் முழுக்க ஒரு தாளைக் கையில் வைத்து மனப்பாடம் செய்துகொண்டு வந்தார். அதன் முதல் வசனம் எனக்கு இன்றைக்கும் பாடம். "நான் முப்பத்தொன்பது குடும்பங்களுக்காகப் பேசுகிறேன்." அதை ஆங்கிலத்தில் திருப்பித் திருப்பிச் சொல்லி, "சரியோ பிள்ளை? முப்பத்தொன்பது குடும்பம் எண்டதை அழுத்திச் சொல்லட்டோ?" என்று கேட்டார். "ஓம் அன்ரி, அழுத்திச் சொல்லுங்கோ" என்றேன். அப்படிச் சொன்ன வாயை என்ன செய்வது?

அந்த வருடம் ஆட்கள் அதிகம் என்று பெரிய மண்டபம் ஒன்றை எடுத்திருந்தார்கள். வாசலில் மேசை போட்டுப் பதிவு நடந்தது. அங்கே இருந்த இளம்பெண் கணினியைப் பார்த்துவிட்டு, உங்களிடம் செல்லுபடியாகும் படிவங்கள் இரண்டு இருக்கின்றன என்றாள்.

"முப்பத்தொன்பது" என்று அன்ரி திருத்தினார்.

மற்றவர்கள் எல்லாம் பிறகு தாங்களே வாக்களித்துவிட்டார்கள், அதனால் நீங்கள் கொடுத்தது செல்லாது என்று அந்தப் பெண் பணிவாக விளங்கப்படுத்தினாள். அன்ரிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கைப்பையைத் திறந்தார். வீட்டு ஃபிரிட்ஜில் இருந்த அதே ரோஸ்டர் தாளைக் கழற்றிக் கொண்டுவந்திருந்தார். அதை மேசையில் விரித்துப் பென்சிலை எடுத்தார். செல்லாமல் போன பெயர்களை வாசிக்க முடியுமா என்று கேட்டார்.

அந்தப் பெண் வாசித்தாள். எங்கள் நீளப் பெயர்களைத் தடக்கித் தடக்கி வாசித்தாள். ஒவ்வொன்றுக்கும் அன்ரி தாளில் தேடி ஒரு கோடு இழுத்தார். நான் பக்கத்தில் நின்றேன். ஓடிவிடலாம் என்று இருந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். என் பெயர் வந்தது. மூன்று துண்டாக உடைந்துதான் வந்தது, என்றாலும் எனக்குத் தெரியாதா? பென்சில் கீழே இறங்கி என் பெயரைக் கண்டுபிடித்துக் கோடு போட்டது. அன்ரி என் பக்கம் திரும்பவே இல்லை. அடுத்த பெயருக்குக் காத்திருந்தார்.

மிஞ்சின இரண்டு பேரில் ஒருவர் சிட்னி நார்த்மீட்டுக்கு வீடு மாறிப்போனவர், நினைவூட்டல் அவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. மற்றவர் கரண்ட் வெட்டுகிறவரைக்கும் ஒரு கடிதத்தையும் உடைக்காத பேர்வழி. சொன்ன சொல்லுக்காக நின்ற ஆள் ஒருவர்கூட இல்லை.

அவர் வீட்டுக்குத் திரும்புவார் என்று நினைத்தேன். இல்லை, முன்வரிசைக்குப் போனார். நேரம் வந்ததும் ஒலிவாங்கிக்கு முன் நின்றார். தாளைப் பிரித்தார். "நான்..." என்று தொடங்கி நின்றுவிட்டார். தாளை நாலாக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு, "நான் எனக்காகத்தான் பேசுகிறேன்" என்றார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். என் கணவர் செத்தபோது நீங்கள் எழுதின கடிதத்தில் என்னை உறுப்பினர் என்று எழுதியிருந்தீர்கள், இனி எனக்குக் கடிதம் போட்டால் எப்படி எழுதுவீர்கள்?

"பங்குதாரர் என்று, மேடம்" என்றார் சேர்மன், சிரித்த முகத்தோடு. சிலர் கைதட்டினார்கள். அன்ரி நன்றி சொல்லிவிட்டு வந்து இருந்தார். தீர்மானம் பெரும்பான்மையால் நிறைவேறியது. பெரும்பான்மை என்றால் சாதாரணப் பெரும்பான்மை இல்லை, எங்கள் நாற்பது வீடும் தூசு.

திரும்பும்போது அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் வந்தோம். அன்ரி மடியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். மொனாஷ் நெடுஞ்சாலையில் ஏறின பிறகு பாண் துண்டு ஒன்றை என் பக்கம் நீட்டினார்.

"சாப்பிடு பிள்ளை. விடியவும் ஒண்டும் சாப்பிட்டிருக்க மாட்டாய்."

ஒரு கையால் வாங்கினேன். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"அதுகளுக்கு ஒண்டும் சொல்லிப் போடாதை. வெக்கப்படுங்கள், பாவங்கள்."

அதுகள் என்றார். என்னையும் சேர்த்துத்தான் சொன்னார், என்னைச் சேர்க்காத மாதிரிச் சொன்னார். நான் "ஓம் அன்ரி" என்றேன். அன்றைக்கு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். இருபது நிமிட ஓட்டம் மிச்சமிருந்தது. கேட்கவில்லை. கோழை என்றால் நான்தான்.

பங்கை விற்று நானும் ஒரு தோல் சோபா வாங்கினேன். அன்ரி வந்தபோது அதில்தான் இருந்தார். கையால் தடவிப் பார்த்து, "நல்ல சாமான்" என்றார். சுமதி தேத்தண்ணி போடுகிறேன் என்று உள்ளே போனவள் வெளியே வரவில்லை. அடுத்த வருடம் அந்த மாதம் வந்ததும், "அன்ரி, மீற்றிங்குக்குப் போவமோ?" என்று நானாகவே கேட்டேன். "அங்கை எனக்கு என்ன வேலை?" என்றார். அவருக்கு வந்த பங்கை விற்கவும் இல்லை, அது பற்றி வந்த கடிதங்களை உடைக்கவும் இல்லை. கொஞ்சக் காலத்தில் அந்தக் கொம்பனியை இன்னொரு கொம்பனி வாங்கியது, பெயர் மாறியது, பிறகு கட்டடத்தையும் விற்றுவிட்டார்கள்.

ரோஸ்டரை மட்டும் அவர் விடவில்லை. என் அப்பாவுக்குச் சட்டியோடு வந்ததைச் சொன்னேனே. முப்பத்தேழு வீட்டில் எந்த வீட்டுச் சாவுக்கும் அவர் ஒரு நாளும் பிந்தி வந்ததில்லை. பிந்திய காலத்தில்தான் எங்களுக்கு அது அலுத்தது. கேற்றரிங் வந்தது, வாட்ஸ்அப் குழு வந்தது. அன்ரி முறை சொல்லித் தொலைபேசி எடுத்தால், "ஓடர் குடுத்திட்டம் அன்ரி, நீங்கள் அலையாதையுங்கோ" என்று சொல்லப் பழகிக்கொண்டோம்.

போன குளிருக்கு முந்தின குளிரில் அன்ரி போய்விட்டார். வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் பத்து நாள். ரொறொன்ரோவிலிருந்து தங்கச்சிக்காரி ஒருவர் தனியாக வந்து சேர்ந்தார், எழுபத்தைந்து வயது இருக்கும். எரித்துவிட்டு மத்தியானம் போல எல்லாரும் மூலை வீட்டுக்கு வந்தோம். முன்னறை, நடை, கராஜ் எங்கும் ஆட்கள். அறுபது பேருக்குக் குறையாது. எல்லாரும் அன்ரியின் அருமையைப் பேசினார்கள். நேரம் போனது. தங்கச்சிக்காரி மாத்திரைப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, சாப்பாட்டோடுதான் இதைப் போடவேண்டும் என்று மெல்லச் சொன்னார்.

அப்போதுதான் ஆளை ஆள் பார்த்தோம். "நான் நினைச்சன் நீங்கள் சொல்லியிருப்பியளெண்டு." "கோயிலாலை வருமெண்டெல்லோ இருந்தனான்." "இவ்வளவு பேர் இருக்கினம், ஆரும் கொண்டு வருவினம்தானே எண்டு..." வாட்ஸ்அப்பில் நூற்றுக்கு மேல் கும்பிட்ட கைகள் வந்திருந்தன. நான் சமைக்கிறேன் என்று ஒரு வரி இல்லை. யாரோ ஒரு பொடியன் பீட்சாவுக்குச் சொல்லட்டோ என்று கேட்டான்.

நான் தண்ணி எடுக்கக் குசினிக்குள் போனேன். ஃபிரிட்ஜ் கதவில் அந்தத் தாள் இருந்தது. அதே தாள்தான், மூலையெல்லாம் ஒட்டுநாடா ஒட்டி, கீழே புதுப் பெயர்களுக்கு இன்னொரு துண்டு சேர்த்து. கிட்டப் போய்ப் பார்த்தேன். முப்பத்தேழு பெயர்களுக்கு மேலேயும் இழுத்த கோடுகளை றப்பரால் அழித்திருந்தார். அழுத்தி இழுத்த பென்சில், தடம் மட்டும் போகவில்லை. பக்கத்தில் வழக்கம்போலச் சரிகள், சுற்றுச் சுற்றாக. கடைசிச் சரிக்குக் கீழே இருந்த பெயரைப் பார்த்தேன். என்னுடையது.

என் முறை. மூன்று நாளாக அந்த வீட்டுக்கு வந்து போகிறேன், கதிரை அடுக்கினேன், ஐயருக்குச் சொன்னேன், குசினிக்குள் ஒரு தரம் எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அலுமாரியில் அரிசி இருந்தது. பானையைத் தேடி எடுத்துத் தண்ணி வைத்தேன். அடுப்பைத் திருகினேன், இரண்டு மூன்று தரம் டிக் டிக் என்று அடித்துவிட்டுப் பற்றியது. சுமதி வாசலுக்கு வந்தாள். "என்ன செய்யிறியள்? செத்தவீட்டிலை..." என்றவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

அவளுக்குப் பின்னால் தங்கச்சிக்காரி வந்து நின்றார். எரிகிற அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அக்காவின் முகவெட்டு அப்படியே இருந்தது. கோபமாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டார்.

"ஏன் தம்பி, நீர் அடுப்பு மூட்டுறீர்? அக்காவுக்கு இஞ்சை அயலட்டையிலை ஒருத்தரும் இல்லையோ?"

முன்னறையில் அறுபது பேர் இருந்தார்கள். நான் அரிசியைக் களைந்து உலையில் போட்டேன்.